கொடையா, உரிமையா?
நடிகர் சங்க வரலாறு: ஒரு திறனாய்வு

சங்கம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. புலவர் கூடித் தமிழாய்ந்த அவையையும் அது குறிக்கும். தோட்டப் பாட்டாளிகள் கூடிக் கூலி உயர்வு கேட்கும் அமைப்பையும் அது குறிக்கும். ஒரே சொல் இரு பொருளுக்கும் இடந்தருவதால் ஒரு மயக்கமும் நேர்கிறது. நடிகர் சங்கம் என்று ஒன்றைச் சொல்லும்போது, அது கலைஞர் கூடும் அவையா, உழைப்பவர் கூடும் தொழிற்சங்கமா என்ற வினா எழுப்பப்படாமலே நின்றுவிடுகிறது. நடிகர் சங்கங்களின் வரலாறு என்று எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை தலைவர்களின் பெயர்ப் பட்டியலாகவும், கட்டடங்களின் கதையாகவும், விழாக்களின் வருணனையாகவும் முடிந்துவிடுவதற்கு இம்மயக்கமே காரணம் எனலாம்.

இவ்வினாவுக்கு விடை காணச் சென்னையை மட்டும் நோக்கினால் போதாது. மலாய்த் திரையுலகையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குவோர்க்குப் பினாங்குத் தீவு ஒரு சிறந்த நிலைக்களமாகும். மலாய் நாடக மேடையின் தொட்டிலும் அதுவே. மலாய் நடிகர்களை வேலைநிறுத்தத்திற்கு அழைத்துச் சென்ற கலைஞனின் பிறந்தகமும் அதுவே.

பினாங்கு தந்த மேடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குத் துறைமுகத்திற்கு வந்தன. திரைச்சீலை, பாட்டு, பளபளக்கும் உடை, இடையிடையே நகைச்சுவை என்று அவை காட்டிய புதுமை இவ்வூர் மக்களைக் கவர்ந்தது. அதைக் கண்டு, பினாங்கில் வாழ்ந்த இந்தியரான மாமாக் பூஷி என்பவர் மலாய் மொழியில் அத்தகைய நாடகக் குழுவொன்றை 1885-ஆம் ஆண்டளவில் அமைத்தார். ‘பங்சாவான்’ என்று பெயர்பெற்ற மலாய் இசை நாடகம் இங்ஙனம் பிறந்தது. அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, மலாய்க் காவியம் அனைத்தும் ஒரே மேடையில் ஏறின. தமிழ் நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகமும் அதே பார்சி மேடையின் சாயலைப் பெற்றிருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், தமிழ் நடிகரும் மலாய் நடிகரும் ஒரே கொடிவழியில் வந்த உறவினர் என்பது புலப்படும்.

பங்சாவான் குழு ஊர் ஊராகச் சென்றது. குழுவின் உடைமையாளரே நடிகரின் உணவுக்கும் உறையுளுக்கும் பொறுப்பு. வசூல் மிகுந்தால் வயிறு நிறையும். மழை பெய்தால் பட்டினி. இந்நிலையில் வாழ்ந்தவர்களுள் பலர், சிங்கப்பூரில் படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றியபோது மேடையை விட்டுத் திரைக்கு வந்தனர். அலைந்து திரிந்த கூத்தர் ஓரிடத்தில் தங்கி மாதச் சம்பளம் வாங்கும் ஊழியராயினர். இம்மாற்றமே பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் வித்தாகும்.

ஜாலான் அம்பாஸ்

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் ஷா சகோதரர்களின் ‘மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ்’ நிலையம் இருந்தது. முதலீடு சீனருடையது, இயக்கியவர்களுள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர், நடித்தவர் மலாய்க்காரர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், பணி மஜும்தார் முதலிய இந்திய இயக்குநர்களின் பெயர்கள் அக்காலப் படங்களில் காணப்படும். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். 1950-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பக்தி’ என்ற படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் அவரே.

பி. ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்றார். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் பாடியபோது ராஜ்ஹன்ஸின் கண்ணில் பட்டுச் சிங்கப்பூர் சென்றார். பின்னணி பாடுபவராகவும் சிறு வேடம் புனைபவராகவும் தொடங்கியவர், 1955-இல் ‘பெனாரெக் பெச்சா’ என்ற படத்தின் மூலம் இயக்குநராகவும் உயர்ந்தார். ரிக்‌ஷாக்காரன் ஒருவனே அப்படத்தின் நாயகன் என்பது கருதத்தக்கது.

அந்நிலையத்து வாழ்க்கை எத்தகையது? நடிகர்கள் ஒப்பந்தத்தின்படி மாதச் சம்பளம் பெற்றனர். நிறுவனம் கொடுத்த வீடுகளில் அருகருகே குடியிருந்தனர். நாயகனும் அண்டை வீட்டான். கூட்டத்தில் நிற்பவனும் அண்டை வீட்டான். நடித்த படம் எத்தனை ஊரில் எத்தனை ஆண்டு ஓடினாலும், சம்பளத்துக்கு நடித்தவனுக்கு அப்படத்தின்மீது உரிமை கிடையாது. வெளியில் இருப்போர்க்கு அவன் நட்சத்திரம். நிறுவனத்தின் சம்பளப் புத்தகத்தில் அவன் ஓர் ஊழியன். இவ்விரண்டு தோற்றங்களுக்கும் இடையே இருந்த தூரமே ‘பெர்சாமா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மலாயாக் கலைஞர் சங்கத்தைத் தோற்றுவித்தது. அது 1954-இல் அமைந்தது. ரம்லி அதன் தலைவராக விளங்கினார்.

1957-ஆம் ஆண்டு சங்கம் சம்பள உயர்வு கோரிற்று. நிறுவனம் சங்கத்தைச் சேர்ந்த நடிகர் சிலரை வேலையிலிருந்து நீக்கிற்று. மார்ச்சு மாதத்தில் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கேமரா நின்றது. திரையில் மன்னராகவும் படைத்தலைவராகவும் தோன்றியவர்கள் நிலையத்தின் வாயிலில் தொழிலாளராக நின்றனர். பேச்சுவார்த்தை நடந்து, நீக்கப்பட்டவர்கள் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டபின் வேலை தொடங்கிற்று. மலாயா விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. அதே 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ‘அனாக்கு சசாலி’ படத்திற்காகச் சிறந்த நடிகர் என்ற விருதை ரம்லி பெற்றார். விருது பெற்ற செய்தியை அறிந்தோர் பலர். வேலைநிறுத்தத்தை அறிந்தோர் சிலர். வரலாறு எதைப் பாதுகாக்கிறது, எதைக் கைநழுவ விடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு யாது? ரம்லிக்குத் தனியே வழக்காடத் தேவையில்லை. அவர் இல்லாமல் நிறுவனத்திற்குப் படமில்லை. தம் சம்பளத்தைத் தாமே பேசி உயர்த்திக்கொள்ளும் வலிமை அவருக்கு இருந்தது. அவ்வலிமையைப் பெயரறியாத நடிகர்களோடு அவர் பங்கிட்டுக்கொண்டார். பெரியவன் சிறியவனுக்குப் பணம் கொடுப்பது வேறு. தன் பேரம்பேசும் ஆற்றலையே கொடுப்பது வேறு. முன்னது கொடுத்தவுடன் தீர்ந்துபோகும். பின்னது ஒப்பந்தமாக எழுதப்பட்டால், கொடுத்தவன் போனபின்னும் நிற்கும்.

சென்னையின் வழி

தென்னிந்திய நடிகர் சங்கம் 1952-இல் தோன்றியது. இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதன் தோற்றத்திற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர். என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் தலைமை வகித்தனர். இம்மூவர்க்கும் பொதுவான ஒரு செய்தி உண்டு. மூவரும் பாலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கிருஷ்ணன் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிலும், இராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும், கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிலும் பயின்றவர்கள்.

பாலர் கம்பெனி என்பது பள்ளியும் ஆகும், வீடும் ஆகும், தொழிற்கூடமும் ஆகும். வறுமைப்பட்ட பெற்றோர் பிள்ளையை ஒப்படைத்தனர். கம்பெனி சோறு போட்டது, பாட்டும் கூத்தும் கற்பித்தது, தவறினால் அடித்தது. ஆசிரியரை ‘வாத்தியார்’ என்று அழைத்தனர். உடன் நடித்தவரை அண்ணன் என்றும் தம்பி என்றும் அழைத்தனர். குடும்பத்தில் கூலி பேசும் வழக்கம் இல்லை. மூத்தவர் மனம் கனிந்து கொடுப்பதே இளையவர் பெறுவது. இப்பழக்கத்தில் ஊறியவர்கள் சங்கம் அமைத்தபோது, அச்சங்கமும் ஒரு பெரிய கம்பெனி வீடாகவே அமைந்ததில் வியப்பில்லை. நலிந்த நடிகருக்கு உதவித்தொகை, நோய்க்கு மருந்துச் செலவு, நாடக நடிகருக்குத் துணை, எல்லாவற்றிற்கும் மேலாகத் தங்களுக்கென ஒரு கட்டடம் என்று அதன் பணிகள் வளர்ந்தன. சென்னைத் தியாகராய நகர் அபிபுல்லா சாலையில் எழுந்த அரங்கிற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பெற்றதும் இவ்வீட்டு உணர்வின் அடையாளமே.

சட்டத்தின் கண்ணிலும் இவ்வேறுபாடு உண்டு. தென்னிந்திய நடிகர் சங்கம் சங்கங்கள் பதிவுச் சட்டத்திற்கு உட்பட்ட அமைப்பு. 2019-இல் அதன் தேர்தல் வழக்கு மன்றம் ஏறியபோது சங்கங்களின் பதிவாளர் தலையிட்டதற்கும், அரசு தனி அலுவலரை அமர்த்தியதற்கும் இதுவே அடிப்படை. 2019 சூன் 23-இல் பதிவான வாக்குகள் 2022 மார்ச்சில்தான் எண்ணப்பட்டன. நலிந்தோர்க்கு உதவ அமைந்த வீட்டின் திறவுகோல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேறு கையில் இருந்தது. உறுப்பினர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்; அவர்களுள் மாவட்டங்களில் வாழும் நாடக நடிகர் மிகப் பலர். வழக்கின் சுமை முதலில் இறங்கியது அவர்கள் தலையிலேதான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மலேசியத் தமிழர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சங்கத்தின் கடனை அடைப்பதற்காக விஜயகாந்தின் தலைமையில் நடிகர்கள் 2002-இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து கலைவிழா நடத்தினர். புதிய கட்டட நிதிக்காக 2018 சனவரியில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நட்சத்திர விழா நடந்தது. இந்நாட்டுத் தமிழர் வாங்கிய நுழைவுச் சீட்டு சென்னையில் செங்கல்லாயிற்று. இதில் பெருமைப்பட இடமுண்டு. எண்ணிப் பார்க்கவும் இடமுண்டு. நடிகரின் உழைப்பால் பொருளீட்டுவோர் தயாரிப்பாளரும் விநியோகிப்போரும் திரையரங்கு உடையாரும் ஆவர். நடிகரின் முதுமைக்கு வேண்டிய பொருள் அவர்களிடமிருந்து ஒப்பந்தத்தின் வழியாக வருவதே முறை. அதை இரசிகரின் அன்பிலிருந்து திரட்டுவது தொழிற்சங்கத்தின் வழியன்று, அறச்சாலையின் வழி.

படங்களே சான்று

ரம்லியின் உள்ளத்தில் இவ்வினா எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை அவருடைய இரண்டு படங்கள் காட்டுகின்றன. 1961-இல் வந்த ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ நகைச்சுவைப் படம். மூன்று ஏழை இளைஞர்கள் நடிகராக விரும்பி ஜாலான் அம்பாஸ் நிலையத்திற்கே வேலை தேடிச் செல்கின்றனர். வாயிற்காவலன், நேர்காணல், சினந்து கத்தும் இயக்குநர், குழம்பிப்போகும் படப்பிடிப்பு என்று நிலையத்தின் உள்வீடு முழுவதும் நகைப்புக்கு உள்ளாகிறது. நிறுவனத்தின் பணத்திலேயே, நிறுவனத்தின் இடத்திலேயே, நிறுவனத்தை நகையாடும் படம் அது. வேலைநிறுத்தம் நடந்து நான்கே ஆண்டுகள் கழித்து அது எடுக்கப்பட்டது. நகைச்சுவை என்ற போர்வை இல்லாவிடில் அது முறையீடாகவே தோன்றியிருக்கும்.

1962-இல் வந்த ‘இபு மெர்துவாக்கு’ அவலச்சுவை மிக்கது. காசிம் செலாமாட் என்ற இசைக்கலைஞனை வானொலியில் கேட்டுக் காதலிக்கிறாள் செல்வக்குடும்பத்துப் பெண் சபாரியா. அவன் இசைக்கலைஞன் என்று அறிந்த அளவில் தாய் வெகுண்டு மகளை விலக்கிவிடுகிறாள். இணையர் பினாங்குக்கு வருகின்றனர். அங்கே கையிருப்புக் கரைய, வாத்தியம் ஏந்திய கை கூலிவேலைக்குச் செல்கிறது. மனைவியைத் தாய் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்று, அவள் பேறுகாலத்தில் இறந்தாள் என்று பொய்த்தந்தி விடுக்கிறாள். அழுதழுது அவன் கண் பார்வை இழக்கிறது. கதையில் செயற்கை இல்லாமலில்லை. பொய்த்தந்தியும், மனைவியின் இரண்டாம் கணவனே கண் மருத்துவனாக அமைவதும் நம்பத்தக்கன அல்ல. ஆயினும் படத்தின் நடுவில் நிற்கும் வினா உண்மையானது. இசையை மகளோடு சேர்ந்து கேட்கும் அதே சமுதாயம், இசைப்பவனை மருமகனாக ஏற்க மறுப்பதேன்? கலை வேண்டும், கலைஞன் வேண்டா என்னும் மனப்பான்மையைப் பினாங்குக் கலைஞன் பினாங்குத் தெருக்களையே பின்னணியாக வைத்துக் கேட்டான். கூலிவேலை செய்யும்போது காசிமுக்கு நாட்கூலி உண்டு; வாசிக்கும்போது கைதட்டல் உண்டு. கைதட்டலைக் கூலியாக எண்ணியதே இழிவின் மூலம் என்பதை அப்படம் சொல்லாமற் சொல்கிறது.

பழந்தமிழ் நெறி

இவ்விடத்துத் தமிழாசிரியர் ஒரு தடை எழுப்பலாம். கலைஞன் புரவலனிடம் பரிசில் பெறுவது தமிழர் மரபன்றோ? ஆற்றுப்படை நூல்கள் அதைத்தானே பாடுகின்றன? கொடையை இழிவென்று கூறுதல் மரபைப் பழிப்பதாகாதா?

இத்தடை கருதத்தக்கதே. ஆயினும் ஆற்றுப்படையின் அமைப்பை ஊன்றி நோக்குக. வழிகாட்டுபவன் புரவலன் அல்லன்; பரிசில் பெற்று மீளும் மற்றொரு கலைஞன். மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படையில் கூத்தன் கூத்தனுக்கு வழி சொல்கிறான். எந்த வழியில் இடர் உண்டு, எந்த ஊரில் உணவு கிடைக்கும், எங்கே சென்றால் பயனுண்டு என்பனவற்றை ஒளிக்காமல் உரைக்கிறான். தான் பெற்றதைப் பிறனும் பெறுக என்று கருதும் அம்மனநிலையே தொழிலாளர் ஒற்றுமையின் முதற்படி. போட்டியாளனை உறவினனாகக் கருதியவன் அக்கூத்தன்.

மேலும், பெற்றவன் எல்லாம் கைகட்டி நின்றான் என்பதும் பொருந்தாது. அதியமான் தம்மை நேரிற் காணாமலே விடுத்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூறு கற்றோர் அறிவர். அவர் மறுத்தது பொருளின் அளவை நோக்கியன்று, மதிப்பின்மையை நோக்கி. சிலப்பதிகாரத்து மாதவி அரங்கேற்றத்தின்போது பெற்ற ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கருணையால் எறிந்த காசன்று. முறைமையால் வரையறுக்கப்பட்ட பரிசு. ஆகவே மரபு கொடையை மட்டும் கூறிற்று என்பது அரைகுறைப் பார்வை. அளவும் முறையும் தன்மதிப்பும் அதனுள் அடங்கியிருந்தன. உரிமை என்னும் இக்காலச் சொல் அவற்றின் தொடர்ச்சியே.

இரு வழிகளின் குறைகள்

பெர்சாமாவின் வழியே குறையற்றது என்று முடிவு செய்தலும் தவறாகும். வேலைநிறுத்தம் வேலையை மீட்டது. தொழிலைக் காக்க இயலவில்லை. 1963-இல் தொடங்கிய இந்தோனேசிய மோதலால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. அதே ஆண்டு சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. செலவு மிகுந்தது, வரவு சுருங்கியது. 1967-இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸ் 1972-இல் நின்றது. முதலாளி கதவைச் சாத்தியபின் சங்கம் யாரிடம் பேரம் பேசும்? 1964-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா நிலையத்திற்குச் சென்ற ரம்லி பழைய சிறப்பைப் பெறவில்லை. 1973 மே 29-இல், தம் 44-ஆம் வயதில், பொருள்வளம் இன்றி மறைந்தார். அவர் படங்கள் அதன்பின் பல்லாண்டுகள் தொலைக்காட்சியில் ஓடின. பினாங்கில் அவர் பெயரால் தெரு உண்டு. அவர் பிறந்த வீடு நினைவில்லமாக உண்டு. வாழ்ந்த நாளில் மறுகாட்சிக்கு ஊதியம் மட்டும் இல்லை.

இக்குறையை அமெரிக்க நடிகர்கள் வேறு வகையில் எதிர்கொண்டனர். அங்கே 1933-இல் தோன்றிய திரை நடிகர் சங்கம் 1960-இல் வேலைநிறுத்தம் செய்து, படம் தொலைக்காட்சிக்கு விற்கப்படும்போது நடிகருக்கும் பங்கு வேண்டும் என்பதை ஏற்கச் செய்தது. 1960-க்கு முற்பட்ட படங்களின் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஓய்வூதியத்திற்கும் மருத்துவத்திற்கும் நிதி பெற்றது. பழைய நடிகருக்கு அது இழப்பே, பின்வந்தோர்க்கு அரண். அச்சங்கத்தின் வழிவந்த அமைப்பு 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நடிகரின் முகத்தையும் குரலையும் கணினி வழியே படியெடுத்து, அவர் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது என்பது அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. உழைப்பை வாங்கியவன் உருவத்தையும் வாங்கியவனாவானா என்பதே இன்றைய வினா.

இனி வேண்டுவது

மூன்று ஊர்களின் கதையையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். சென்னை நடிகர் சங்கம் நலிந்தவனைக் கைவிடவில்லை. ஆனால் நலிவு நேராதவாறு தடுக்கும் ஒப்பந்தத்தைத் தன் முதற்பணியாகக் கொள்ளவில்லை. சிங்கப்பூர்ச் சங்கம் கூலிக்காகப் போராடிற்று. ஆனால் படத்தின் மீதுள்ள உரிமையைக் கேட்கும் அளவுக்கு வாழ்நாள் பெறவில்லை. அமெரிக்கச் சங்கம் அவ்வுரிமையைக் கேட்டது. அதற்காக முன்னோரின் பங்கை விலையாகக் கொடுத்தது.

ஆதலின் நடிகர் சங்க வரலாறு எழுதப் புகுவோர், யார் எப்போது தலைவரானார் என்பதோடு நில்லாமல், துணை நடிகனின் நாட்கூலி எவ்வாறு வரையறுக்கப்பட்டது, ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டது, முதுமைக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். கட்டடத்தின் அடிக்கல் நாளைக் குறிப்பவர், வேலைநிறுத்தத்தின் முதல் நாளையும் குறித்தல் வேண்டும். கூத்தராற்றுப்படையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், கூத்தன் கூத்தனுக்கு வழிகாட்டிய அச்செய்தியோடு 1957-ஆம் ஆண்டின் செய்தியையும் இணைத்துச் சொன்னால், மாணவர்க்குப் பழம்பாட்டும் விளங்கும். பினாங்குத் தெருவொன்றின் பெயர்ப்பலகையும் விளங்கும்.